வருது சார்

கப்பலில் ஏறிய மறுநாள் காலை, கேபின் டிவியில் வானிலை பார்க்கப் போன முதலாளி, ரிமோட்டில் ஏதோ ஒரு பட்டனை அழுத்தித் தங்கள் கணக்கைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு வானிலை அவர் நினைவுக்கே வரவில்லை.

"இங்க வா. இது என்னன்னு படி."

அவர் மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து படித்தாள். ஊழியர்களுக்கான அன்பளிப்பு, நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது. நேற்றைய தொகை ஏற்கெனவே ஏறியிருந்தது.

"டிப்ஸ்தானே?"

"டிப்ஸ்னா நான் கொடுக்கணும். இவன் நம்ம பாக்கெட்ல கையை விட்டு எடுத்துட்டு, அதுக்கு அன்பளிப்புன்னு பேர் வேற வைக்கிறான்."

அவர்கள் ஊரில் நடத்துவது நூறு பேர் உட்காரும் ஒரு சாப்பாட்டு ஹோட்டல். கல்லாவும் கணக்கும் அவர் பொறுப்பு. சமையல்கட்டு, சரக்கு, ஆட்கள் எல்லாம் அவள் பொறுப்பு. இருவரும் சேர்ந்தாற்போல் கடையை விட்டு வெளியே வந்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. மகள்தான் டிக்கெட்டை வாங்கிக் கையில் திணித்து, ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் பிறகு உங்களோடு பேச்சே கிடையாது என்று மிரட்டி அனுப்பியிருந்தாள். முதலாளியும் சொன்ன பேச்சைக் கேட்டார். சொந்த ஹோட்டலைப் பற்றி மூச்சு விடவில்லை. கப்பலைத்தான் ஹோட்டலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலைச் சாப்பாட்டில் மிச்சமாகும் ரொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தட்டைத் திருப்பிப் பார்த்து எங்கே வாங்கியது என்று தேடினார்.

அன்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரவேற்பு கவுண்ட்டருக்குக் கிளம்பினார். போகிற வழியெல்லாம் லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். என்ன கேட்டால் என்ன பதில் சொல்வது, மேலதிகாரியைக் கூப்பிட்டால் எந்தக் குரலில் பேசுவது என்றெல்லாம் ஒத்திகை நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற உதடு அது.

"இந்த அன்பளிப்பை எங்க கணக்குல இருந்து எடுக்கணும்," என்றார்.

"சரிங்க சார்," என்று கவுண்ட்டர் பெண் இரண்டு தட்டுத் தட்டினாள். "எடுத்தாச்சு."

முதலாளிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நகரவும் மனமில்லாமல் அப்படியே நின்றார்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கட்டாயம் இல்ல சார்."

"பரவாயில்ல, கேளுங்க."

"ஏன் சார்?"

"ஏன்னா, இந்தக் காசு வேலை செய்றவங்களுக்குப் போகாது."

"போகுது சார்."

"அப்படித்தான் சொல்லுவீங்க," என்றார் முதலாளி வெற்றியோடு. வரிசையில் பின்னால் நின்ற ஆள் செருமினார்.

அவர் கஞ்சர் இல்லை. அதை அவள் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள். உழைக்கிறவன் கையில் நேராகக் கொடுப்பேன், நடுவில் எவனுக்கும் வேலை இல்லை என்பதுதான் அவர் கட்சி. சொன்னபடியே சில்லறை நோட்டாக மாற்றி வைத்துக்கொண்டார். ஆனால் கொடுப்பது என்று முடிவு செய்த பிறகு, யாருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமே. ஊர் சுற்ற வந்தவர் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். கேபினைச் சுத்தம் செய்கிறவன் துண்டை அன்னம் மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனால், இவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஊற்ற வெயிட்டர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று கவனித்ததில், அவருடைய சூப் ஆறிப்போனது.

கடைசியில் அந்த வெயிட்டரிடமே கேட்டுவிட்டார்.

"தம்பி, கணக்குல பிடிக்கிறாங்களே, அந்த அன்பளிப்பு உங்களுக்கு வருதா?"

"வருது சார்."

"முழுசாவா?"

"எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுப்பாங்க சார். மாசாமாசம் வருது."

வெயிட்டர் நகர்ந்ததும் முதலாளி மனைவி பக்கம் சாய்ந்தார். "பாத்தியா? பொய்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கேட்ட உடனே பட்டுனு சொல்றான். சொல்லிக்கொடுத்து வச்சிருக்காங்க."

மறுநாள் கேபின் ஆளைக் கேட்டார். அவன் தலையணை உறையை மாற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்து, "வருதுங்க சார்," என்றான். அதுவும் பொய்தான் என்றார் முதலாளி. உண்மையாக இருந்தால் எதற்கு யோசிக்க வேண்டும்?

அவள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். நேற்றுப் பார்த்த கடல்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவர்களுடைய மேஜையில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். டாக்டர் தணிந்த குரலில் பேசுகிற மனிதர். முதலாளி அன்று அன்பளிப்புப் பிரச்சினையை மேஜைக்குக் கொண்டுவந்தபோது, டாக்டர் மீனின் முள்ளை எடுத்தபடியே சொன்னார்:

"நான் அதை அப்படியே விட்டுட்டேங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாம கீழ எத்தனை பேர் பாத்திரம் கழுவுறாங்க, துணி துவைக்கிறாங்க! அவங்களுக்கு நாம எங்க தேடிப்போய்க் கொடுக்கிறது? வேணும்னா இவங்களையே கேட்டுப் பாருங்க, வருதுன்னுதான் சொல்றாங்க."

"கேக்கறதுல பிரயோஜனமே இல்ல டாக்டர்," என்றார் முதலாளி, கையை வீசி. "கஸ்டமர் கேட்டா 'வருது சார்'னு சொல்லணும்னு நாமதானே சொல்லி வைக்கிறோம்!"

"நாமன்னா?" என்றார் டாக்டர்.

முதலாளியின் வாய் திறந்தபடியே நின்றது. திறந்த வாய்களுக்கு எதிரில் உட்கார்ந்தே பழகிய டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"பொதுவா சொன்னேன். ஹோட்டல் தொழில்ல."

டாக்டரின் மனைவி பேச்சை மாற்ற நினைத்து, இவள் பக்கம் திரும்பினாள். "ஓ, நீங்க ஹோட்டல் வச்சிருக்கீங்களா? உங்க ஹோட்டல்லயும் சர்வீஸ் சார்ஜ் உண்டாங்க?"

"உண்டு," என்றாள் இவள். "பில்லுலயே போட்டு..." கணவர் முகத்தைப் பார்த்தாள். ஈயாடவில்லை. பக்கத்தில் வெயிட்டர் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் எதையும் கேட்காத மாதிரி அடுக்கினான். அந்த மாதிரி அடுக்குவதும் தொழிலில் ஒரு பாடம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கேபினுக்குப் போகிற நீள வராந்தாவில் அவள் கேட்டாள்.

"நம்ம ஆளுங்களுக்கு அது போறதில்லையா?"

"கரண்ட் பில் யார் கட்டறது? உடையற கிளாஸ் யார் தலையில?"

"நான் அதைக் கேக்கல."

"எல்லாம் ஓட்டத்துக்குப் போகுது. ஹோட்டல் ஓடினாத்தானே அவங்களுக்குச் சம்பளம்? அப்படிப் பாத்தா அவங்களுக்குத்தான் போகுது."

"எத்தனை வருஷமா?"

"பில் மிஷின் வாங்கினதுல இருந்து," என்றார் முதலாளி. ஒரு நல்ல மிஷினைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் அதையும் சொன்னார்.

பணத்தைப் பற்றி அவள் அப்போது நினைக்கவில்லை. மூணுதட்டைத்தான் நினைத்தாள்.

ஹோட்டலின் மூத்த சர்வருக்கு அதுதான் பெயர். இடது கையில் மூன்று தட்டை வரிசையாக ஏந்தி, வலது கையில் நாலாவதோடு கூட்டத்துக்குள் நெளிந்து போவார். போன வருடம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று அட்வான்ஸ் கேட்டு வந்தார். அவள் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, புத்திமதியோடு கொடுத்தாள். "சம்பளம் போக, சர்வீஸ் சார்ஜ் வேற மாசாமாசம் வருதே. அதைத் தொடாம வச்சிருந்தாலே இன்னைக்குக் கை நீட்ட வேண்டியதில்லையே. எங்கதான் போகுது அவ்வளவும்? குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். சமையல்கட்டில் எல்லாருக்கும் கேட்டது. குடிப்பழக்கமே இல்லாத அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே பாத்துக்கறேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குத் தெரியாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாம் தெரிந்துகொண்டே, வேண்டுமென்றே கேட்டுச் சிரிக்கிறாள் என்றுதானே நினைத்திருப்பார்? வராந்தா நடுவில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. கேபின் கதவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

காலையில் கணவர் எழுவதற்கு முன்பே கவுண்ட்டருக்குப் போனாள். அதே பெண்தான் இருந்தாள்.

"எடுத்த அன்பளிப்பைத் திரும்பப் போடணும்."

"உங்களோடது போட்டுடலாம் மேடம். சாரோடது அவர் வந்து சொன்னாத்தான்."

"என்னோடது மட்டும் போதும்."

"போட்டாச்சு மேடம்."

முதலாளிக்கு விஷயத்தைச் சொன்னது டிவி. "பாதி ஏறியிருக்கு!" என்று கத்தினார்.

"அது என் பாதி."

"என் பாதி உன் பாதியா? எல்லாம் நம்ம ஹோட்டல் காசுதானே?"

"ஹோட்டல் கட்டடம் என் பேர்ல இருக்கு," என்றாள் அவள், தலையைச் சீவியபடி.

அவள் அப்பா எழுதிக்கொடுத்த கட்டடம் அது. இத்தனை வருடத்தில் ஒரு சண்டையில்கூட அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. முதலாளி ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார். டிவியில் வானிலை வந்தது. இருவரும் பார்த்தார்கள்.

அன்று கேபின் ஆள் வந்தபோது முதலாளி ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். தன் கட்சியை நிரூபிக்க அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. கேபின் ஆள் கையை நீட்டவில்லை.

"ரொம்ப நன்றி சார். ஆனா வாங்கினா ஒப்படைக்கணும். கணக்குல வேண்டாம்னு எடுத்தவங்க தனியா கையில கொடுக்கறது, எல்லாருக்கும் பிரிக்கிற பொதுவுல போயிடும்."

"அப்போ உனக்குன்னு கொடுக்கவே முடியாதா?"

அவன் சங்கடத்தோடு நெளிந்தான். "மேடம் கணக்குல இருக்காங்க. அவங்க கொடுத்தா எனக்கே எனக்குத்தான் சார்."

முதலாளி நோட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு நோட்டை மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைக் கேபின் ஆளிடம் கொடுத்தாள். அவன் இருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டு, அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு போனான்.

கதவு சாத்திய பிறகு முதலாளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்றவனா இருந்தா வாயை மூடிட்டு வாங்கிப் பையில போட்டிருப்பான்," என்றார். "பொதுன்னு ஒண்ணு நெஜமாவே இருக்கு போல."

"அப்படித்தான் தெரியுது."

"அவ்வளவையும் பிரிச்சுக் கொடுத்துமா இந்தக் கம்பெனிக்காரன் கப்பல் ஓட்டறான்?"

அவர் வருத்தப்பட்டது மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழில்காரனிடம் தோற்ற மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் அவரே கவுண்ட்டருக்குப் போய்த் தன் பாதியையும் போடச் சொன்னார். அந்தப் பெண் காரணம் கேட்கவில்லை. இவர் விடாமல், பாத்திரம் கழுவுகிறவருக்கு எவ்வளவு பங்கு, வெயிட்டருக்கு எவ்வளவு, லீவு போட்டால் எப்படி என்று கேட்டுக்கொண்டே நின்றார். வரிசை சுவர் வரை நீண்டது.

ஊர் திரும்பியதும் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாள். பில்லில் சர்வீஸ் சார்ஜையே எடுத்துவிடலாம், யாருக்கும் வம்பில்லை என்றார் முதலாளி. இத்தனை வருடம் வாங்கியதற்கு என்ன வழி என்று அவள் கேட்டாள். அவர் கட்டடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தார். முடிவில், சர்வீஸ் சார்ஜ் அப்படியே இருக்கும், அந்த மாதத்திலிருந்து எல்லாருக்கும் பங்கு, ஆட்கள் வாங்கிய அட்வான்ஸ் மொத்தமும் தள்ளுபடி என்று ஆனது.

ஹோட்டலில் யாரும் ஆனந்தக் கண்ணீர் விடவில்லை. பங்கு கொடுத்த அன்றே தகராறுதான் வந்தது. சர்வருக்கும் எனக்கும் ஒரே பங்கா என்று சமையல் மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டார். நின்று நின்று எங்களுக்குத்தான் கால் வீங்குகிறது என்று பாத்திரம் கழுவுகிற பெண்கள் போர்க்கொடி தூக்கினார்கள். முதலாளி கப்பலில் கேட்டுவந்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி, ஒரு வாரம் பஞ்சாயத்துப் பண்ணினார். அந்த வாரம் அவர் நன்றாகத் தூங்கினார் என்பதை அவள் கவனித்தாள்.

மூணுதட்டிடம் எப்போது பேசுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. நல்ல நேரம் பார்த்துப் பார்த்து, கடைசியில் மத்தியானக் கூட்டத்தின் உச்சியில், சமையல்கட்டு வாசலில் அவரை மறித்தாள். இடது கையில் மூன்று, வலது கையில் ஒன்று, நாலு தட்டிலும் ஆவி பறந்தது.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"எதும்மா?"

"குடிக்கிறீங்களான்னு. அந்தக் காசு உங்களுக்கு வரலைன்னு எனக்கு சத்தியமாத் தெரியாது."

அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"அப்போ கஷ்டமா இருந்துச்சும்மா," என்றார். "ரொம்ப."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளேயிருந்து மாஸ்டர் ஏதோ கத்தினார். வெளியே யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

"ஆறிடும்மா," என்று அவர் கண்ணாலேயே தட்டுகளைக் காட்டினார்.

அவள் சட்டென்று விலகி வழி விட்டாள். அவர் நாலு தட்டோடும் கூட்டத்துக்குள் நெளிந்து போனார்.