முப்பத்துநாலாவது ஓவர்

மழை விட்டதும் மைதானத்தை மூடியிருந்த படுதாக்களை ஆட்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கொழும்பு கெத்தாராம மைதானத்தின் மேல்தட்டில், ஈரம் காயாத பிளாஸ்டிக் கதிரையில், மடியில் ஒரு பையோடு நான் இருந்தேன். பைக்குள் பதினாறு கட்லட், எட்டு முட்டை சான்ட்விச், ஒரு பிளாஸ்க் பிளேன்டீ, மிளகுத்தூள் போட்ட அன்னாசி. இரண்டு பேருக்கு ஏழு மணித்தியாலத்துக்கு இது போதும் என்பது என் அக்கா பேர்ணடெற்றின் மதிப்பீடு. ஞாயிற்றுக்கிழமை, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி, ஐம்பது ஐம்பது ஓவர், இடையில் இடைவேளை. வீட்டிலிருந்து புறப்படும்போது வாசலை மறித்து நின்று சொன்னாள்: "கேட்டிட்டு வா. கேக்காமல் வந்தியெண்டா கதவு திறக்கமாட்டன். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேத்தி வச்சிருக்கிறன். அவருக்கு முன்னால என்னை வெட்கப்படுத்திப் போடாத."

எனக்கு வயது நாற்பத்தேழு. இந்த வயதில் அக்காவுக்குப் பயந்து ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்கப் போகிறவனை எந்தப் புனிதருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேட்கவேண்டியவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சுபாஷினி. மூக்குக்கண்ணாடியில் பட்ட மழைத்துளியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, ஆடுகளத்தின் ஈரத்தை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்றே எடுப்பது அவருடைய வேலை. ஊர் மலையகத்தில் பொகவந்தலாவை. இருபது வருடமாக ஜிந்துப்பிட்டியில் ஒரு மாடி அறை. தம்பி தங்கைகள் மூன்று பேரைப் படிக்கவைத்துக் கரைசேர்த்து நிமிர்ந்தபோது தனக்கு நாற்பத்துமூன்று வயதாகிவிட்டதாக ஒருமுறை சொன்னார். ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் சொல்லும் தொனியில், அடுத்தது வராது என்ற வருத்தம்கூட இல்லாமல்.

நாங்கள் பழகியதற்குக் காரணமே வேகப்பந்து வீச்சுதான். என்னுடைய வேகப்பந்து வீச்சு. துறைமுகத்தில் சரக்குக் கடதாசிகளைப் பார்க்கும் வாப் கிளாக்காக இருக்கும் எங்கள் ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை மட்டக்குளியில் மெச் விளையாடுவார்கள். போன தை மாதம், சும்மா நின்றவனிடம் யாரோ பந்தைத் தந்துவிட்டார்கள். இருபது அடி தூரத்திலிருந்து ஓடிவந்து வீசினேன். பந்து ஸ்கொயர் லெக்கில் நின்ற அம்பயரிடம் போனது. தோள்மூட்டு எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடித்தான் அந்த எக்ஸ்றே அறைக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "மூச்சப் பிடிச்சுக்கங்க. அசையாதீங்க." எங்கேயோ ஒரு இயந்திரம் முனகியது. "சரி, விடுங்க." பிறகு படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எப்படி நடந்ததென்று கேட்டார். சொன்னேன். இந்த உலகத்தில் அதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். "முன்னங்கால் எந்தப் பக்கம் பாத்து இறங்குச்சு?" என்று மட்டும் கேட்டார்.

தோள் ஆறு கிழமையில் சரியாகிவிட்டது. நான் சொல்லவில்லை. வலிக்கிறது என்று மூன்றாம் தரம் போனபோது, "இனிமே எக்ஸ்றே எடுக்கிறது ஒடம்புக்கு நல்லதில்ல. வாறதுன்னா சும்மாவே வாங்க" என்றார். அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலில் நவநாள் பூசை முடிந்ததும் சும்மாவே போனேன். அவர் இந்திய வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றிக் கதைப்பார். நான் கேட்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக முள்ளந்தண்டைப் பற்றி யாரும் கதைத்ததில்லை.

"முந்தியெல்லாம் பந்தோட பளபளப்பப் போக்கி ஸ்பின்னர் கையில குடுக்கிறதுக்குத்தான் அவங்ககிட்ட ஃபாஸ்ட் போலர் இருந்தாங்க. இப்ப பாருங்க, ஆறேழு பேர் வரிசையில நிக்கிறாங்க. ஒருத்தர் முதுகு போனா இன்னொருத்தர் வந்துருவாரு. அதுதான் அவங்க பலம்." பிறகு சொன்னார்: "ஆனா டெரிக், அந்த ஒருத்தருக்கு ஒரே ஒரு முதுகுதானே?"

அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது தெருவில் போன எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டே போனேன்.

போன கிழமை, அதே குரலில், மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். இரண்டு வருடம். பிறகு நீட்டிக்கலாம். திங்கட்கிழமை பத்து மணிக்குள் படிவத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். "எல்லாம் எழுதியாச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்று கைப்பையைத் தட்டிக் காட்டினார். நான், "நல்லது மிஸ், மஸ்கட்டில வெயில் கூட" என்றேன். பெரிய கேள்விகளுக்கு முன்னால் என் வாயிலிருந்து வருவது எப்போதும் வானிலை அறிக்கைதான்.

ஆகவே திட்டம் போட்டேன். கப்பல் எத்தனை மணிக்கு வரும், எந்த மேடையில் கட்டும், எந்தப் பெட்டி முதலில் இறங்கும் என்று இருபத்திரண்டு வருடமாக எழுதிவரும் கை என்னுடையது. சரக்கை விடுவிக்கும் பழைய டெலிவரி ஓடர் கடதாசி ஒன்றின் பின்பக்கத்தில் கோடு கீறி, ஓவர் ஓவராக எழுதினேன். முதல் பதினைந்து ஓவர் அவரைக் குழப்பக்கூடாது, வேகப்பந்து வீச்சு நடக்கும். பதினாறாவது ஓவர்: மழையைப் பற்றி. இருபத்திரண்டு: பொகவந்தலாவையில் அம்மாவின் சுகம். இருபத்தெட்டு: கொழும்பில் இருப்பதன் நன்மைகள். முப்பத்துநாலாவது ஓவரில் இரண்டாவது தண்ணீர் இடைவேளை வரும். ஸ்பின்னர்கள் வீசிக்கொண்டிருப்பார்கள், சனம் அரைத் தூக்கத்தில் இருக்கும், யாருக்கும் காது கேட்காது. அங்கேதான் கேள்வி. இந்தத் திட்டத்தில் நான் ஒரேயொரு விடயத்தை மட்டும் யாரிடமும் விசாரிக்காமல் நம்பியிருந்தேன்: இலங்கை ஐம்பது ஓவர் ஆடும்.

மூன்று நாற்பதுக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் ஓவரிலேயே இலங்கையில் ஒருத்தர் போனார். பப்பரே வாத்தியக்காரர்கள் விடாமல் ஊதினார்கள். நான் ஒரு கட்லட்டை எடுத்துக் கொடுத்தேன். நாலாவது ஓவரை இந்தியாவின் சிராஜ் வீசவந்தார். முதல் பந்தில் ஒருவர். மூன்றாவதில் ஒருவர். நாலாவதில் ஒருவர். அந்த நேரம் எனக்கு என்ன நடந்ததென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பதாயிரம் பேர் ஒரே மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விட மறந்ததுபோல் இருந்தது. மழைக்குப் பிந்திய வெளிச்சம் புல்லின் மேல் பாலாடைபோல் கிடந்தது. அதற்குள் ஒரு மனிதன் ஓடிவருகிறான், ஓடிவந்துகொண்டே இருக்கிறான், எங்களுக்கு வந்து சேர்வதற்கே நேரம் எடுக்கிறது. சுபாஷினியின் உதடு மட்டும் அசைந்தது. ஏதோ மந்திரம் என்று நினைத்தேன். குனிந்து கேட்டால், "மணிக்கட்டு... மணிக்கட்டுக்குப் பின்னால விரலு..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹற்றிக் பந்து நாலுக்குப் போனது. ஸ்லிப்பில் எல்லோரையும் நிறுத்திவைத்திருந்ததால் அந்தப் பக்கம் காக்க ஆளில்லை. வீசிய மனிதரே திரும்பி, பந்துக்குப் பின்னால் எல்லைக்கோடு வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடினார். சுபாஷினி சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பாருங்க டெரிக், அவரே போட்டு, அவரே பொறுக்க ஓடுறாரு! இது போயிரும்னு தெரிஞ்சும் ஓடுறாரு."

அடுத்த பந்தில் இன்னொருவர் போனார். நான் பையைத் திறந்து மூடினேன்.

பன்னிரண்டு ஓட்டத்துக்கு ஆறு விக்கெட். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு சிங்களக் குடும்பம், ஆளுக்கொரு சோற்றுப் பார்சல் வைத்திருந்தது. தகப்பன் திரும்பி என்னைப் பார்த்து, "அய்யே, பத் எக்கவத் கன்ன வெலாவக் நே" என்றார். சோறு தின்னக்கூட நேரமில்லையாம். நானும் என் பையைக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, ஒரே வீட்டுச் சாவுக்கு வந்தவர்கள்போல் தலையாட்டிக்கொண்டோம்.

ஐம்பது ஓட்டம். பதினாறாவது ஓவரின் இரண்டாவது பந்தில் எல்லாம் முடிந்தது. என் பட்டியலின் முதல் வரிக்கு, மழைக்கு, அப்போதுதான் வாயைத் திறந்திருந்தேன். "மிஸ், மழை..." என்றேன். சனம் எழும்பிவிட்டது. பிறகு இந்தியா வந்து ஆறு ஓவரும் ஒரு பந்தும் ஆடி, ஒரு விக்கெட்டும் விடாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டது. ஆறு மணி அளவில் மைதான விளக்குகள் எல்லாம் முழுதாக எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்குச் செய்ய வேலை இல்லை.

"நடப்போமா?" என்றார் சுபாஷினி.

நடந்தோம். தெரு முழுக்க ஆட்கள். யாருக்கும் அவசரமில்லை, கோபம்கூட இல்லை. மிச்சமாகிப்போன ஒரு முழு மாலைப்பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல், கொடிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கனவில் நடப்பவர்கள்போல் போனார்கள். முன்னால் ஒரு எக்காளக்காரர் யாருக்கும் கேட்காதபடி தனக்குத்தானே மெதுவாக ஊதிக்கொண்டு போனார். தண்ணீர் தேங்கிய இடங்களில் விளக்குக் கம்பங்கள் தலைகீழாக நின்றன. ஆமர் வீதிச் சந்தி வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அங்கே அவர் ஜிந்துப்பிட்டிப் பக்கம் திரும்புவார், நான் கொட்டாஞ்சேனைப் பக்கம், அக்கா பூட்டிவைத்திருக்கும் கதவுக்கு.

"மிஸ்..."

"ம்?"

"கட்லட் ஒண்டு?"

கொஞ்ச தூரம் போய் மறுபடியும், "மிஸ்..."

"டெரிக், இது ஆறாவது கட்லட்." ஆனாலும் வாங்கிக்கொண்டார். கடித்துக்கொண்டே, "மிஸ்ஸுன்னு கூப்பிடாதீங்கன்னு எத்தன தரம் சொல்லியிருக்கேன். நான் என்ன உங்களுக்குப் பாடமா சொல்லித்தாறேன்?" என்றார்.

"பழகிப்போச்சு."

"பழகுனதெல்லாம் நல்லதுன்னு இல்ல." கட்லட்டின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் புள்ள எவ்வளவு நாளைக்குப் போடும்னு நெனக்கிறீங்க? இந்த வேகத்தில" என்றார்.

"நீங்கதான் சொல்லோணும்."

"எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எலும்பில வெடிப்பு விழுந்த பிறகுதான் படத்தில தெரியும். அதுக்கு முன்னால எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கும்." கைப்பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். "ஒன்னு சொல்லவா? நான் அந்த மஸ்கட் ஃபாரத்தக் கையோட கொண்டுவந்திருக்கேன். ஏழு மணி நேரம் இருக்கேன்னு. மெச்சுக்கு நடுவுல எப்பயாச்சும் மனசு ஒரு பக்கம் சாயும், அப்படியே கையெழுத்தப் போட்டுருவம், இல்லாட்டிக் கிழிச்சுருவம்னு நெனச்சேன். பாத்தா, பேனா எடுக்கவே விடல்ல பாவிங்க."

அவரும் திட்டம் போட்டிருக்கிறார். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில், மடியில் ஆளுக்கொரு கடதாசியோடு, ஒரே முப்பத்துநாலாவது ஓவருக்காகக் காத்திருந்திருக்கிறோம். அது இந்த உலகத்தில் இல்லாமல் போய்விட்டது.

சந்தி வந்துவிட்டது. மூடிய ஹாட்வெயார் கடையின் பலகைக்கு மேல் ஒரு ரியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் நின்றேன். வாயைத் திறந்தேன். மஸ்கட் வெயில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இந்த வாயால் ஆகாது என்று எனக்கு விளங்கியது. துறைமுகத்தில் நாங்கள் எதையும் வாயால் கேட்பதில்லை. கவுண்டருக்குப் போய்க் கடதாசியை நீட்டுவோம், அந்தப் பக்கம் இருப்பவர் பார்த்து முடிவுசெய்வார். எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த டெலிவரி ஓடரை எடுத்து, எண்ணெய் பட்ட விரல்களைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினேன்.

"சுபாஷினி. இதைக் கொஞ்சம் பாருங்கோ."

பெயரைக் கேட்டதும் அவர் கடதாசியைப் பார்க்காமல் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கி விரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழக்க தோஷத்தில், ரியூப்லைட்டுக்கு நேரே இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தார். முன்பக்கத்தில் ஏதோ பழைய கொள்கலனின் இலக்கங்கள், பின்பக்கத்தில் என் கையெழுத்து, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக வெளிச்சத்தில் தெரிந்தன, விலா எலும்புக்குள் வேறு எதுவோ தெரிவதுபோல. மழை. அம்மாவின் சுகம். கொழும்பின் நன்மைகள். அவருடைய கண் வரிவரியாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்துநாலுக்கு நேரே, கிளாக்மாரின் வழக்கப்படி இரண்டு கட்டம் போட்டு எழுதியிருந்தேன். கோரிக்கை: போகாமல் என்னோடு இருக்க ஏலுமா. காரணம்: நான்.

அங்கே வந்து கண் நின்றது. வாசித்துவிட்டாரா, திரும்ப வாசிக்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு ஓட்டோ ஹோன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனது. நான் ஏதோ சொல்ல, அனேகமாக இன்னொரு கட்லட்டைப் பற்றி, வாயெடுத்தேன்.

"அசையாதீங்க," என்றார், கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூச்சப் பிடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டேன். அவருடைய உதடு மட்டும் அசைந்தது, சிராஜ் ஓடிவந்தபோது அசைந்ததுபோல. கூரைகளுக்கு மேலே, ஆளில்லாத மைதானத்தின் விளக்குகள் இன்னும் அணைக்கப்படாமல், நனைந்த வானத்தை வெள்ளையாக ஆக்கிக்கொண்டிருந்தன.