ராமலட்சுமியின் பச்சைக் குடம்

பிள்ளை வளர்ப்பைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் எதிர்வீட்டு சௌடேஸ்வரி வந்து மூடிவிடுவாள். அவள் மகள் தேவிபிரியா படிப்பது ஆறாம் வகுப்புதான். தன் யூனிபாரத்தைத் தானே துவைக்கிறாள், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறாள், பொய் சொல்வதில்லை. கடைசிப் பாடத்தை மட்டும் சௌடேஸ்வரி கொஞ்சம் யோசித்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அருப்புக்கோட்டையில் எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வரும். அதனால் தெருவே கூடி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு நாலு குடம். ஊரில் இல்லாத வீட்டுக்குக் குடமே கிடையாது. குடத்தைப் பார்த்தாலே யார் வீடு என்று தெரியும். பச்சை, ராமலட்சுமியுடையது. அவள் அம்மா வீட்டுக்கு நரிக்குடி போயிருந்தாள். வீட்டுச் சாவி சௌடேஸ்வரியிடம்.

அன்றைக்குப் பார்த்தால், சௌடேஸ்வரியின் நாலு குடத்துக்குப் பின்னால் அந்தப் பச்சைக் குடமும் வரிசையில் உட்கார்ந்திருந்தது. காரணம் எனக்குத் தெரியும். மறுநாள் சேலத்திலிருந்து நாத்தனார் வருகிறாள். போன தடவை சௌடேஸ்வரி உப்புத்தண்ணீரில் காபி போட்டுக் கொடுத்தாள் என்று சொந்தம் முழுக்கச் சொல்லிவைத்தவள்.

குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த முத்துத்தாய், அம்மாவை விட்டுவிட்டு மகளிடம் கேட்டாள்: "ஏத்தா தேவி, ராமலட்சுமி வந்துட்டாளா?"

சௌடேஸ்வரி சட்டென்று கன்னடத்துக்குத் தாவினாள். அவர்களுக்கு வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ். 'ராத்திரியே வந்துட்டாங்கன்னு சொல்லு' என்றாள். எனக்கு எப்படிப் புரிந்தது என்கிறீர்களா? பத்து வருஷமாக எதிர்வீட்டு ஜன்னலுக்குக் காது கொடுத்தால் எந்தப் பாஷைதான் வராது?

தேவிபிரியா தமிழிலேயே, தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள். "அம்மா, நாலு பேரு நிக்கும்போது அவுகளுக்குத் தெரியாத பாஷையில பேசக்கூடாதுன்னு நீதான சொன்ன? ராமலட்சுமி அத்தை எங்க வந்தாக? சாவி நம்ம வீட்டு ஆணியிலதான தொங்குது?"

"அடியாத்தீ! வளத்தா இப்படில்ல வளக்கணும்!" என்று முத்துத்தாய் சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சௌடேஸ்வரி கையை ஓங்கினாள். சிரிப்பு நின்றுவிட்டது. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் பிள்ளை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. இதுவரை சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த ஒரு அடியில் சாக்கடையோடு போய்விடும் என்று நினைத்தேன்.

கை மெதுவாக இறங்கிப் பச்சைக் குடத்தின் கழுத்தைப் பிடித்தது. அதை வரிசையிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ராமலட்சுமி வரல. நாந்தான் வச்சேன். புள்ள சொன்னது நெசம்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. அருமையான சண்டை ஒன்று கைநழுவிவிட்டதே!

மறுநாள் நாத்தனார் வந்ததும் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நானும் போனேன். நான் நிற்பதால் சௌடேஸ்வரி தமிழிலேயே பேசினாள். "நல்ல தண்ணி கொறச்சல்தான் அண்ணி. கள்ளக் கொடம் வச்சேன், ஒங்க மருமக காட்டிக்குடுத்துட்டா."

தேவிபிரியா அடுப்படியிலிருந்து காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள். "என் ஸ்கூல் பாட்டில் தண்ணியில நானே போட்டேன் அத்தை. உப்பு இருக்காது. சீனிதான் கூடிப்போச்சு."

நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கறிவேப்பிலையை மறந்துவிட்டு நான் வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் தண்ணீர் வந்த அன்று, முத்துத்தாய் ஐந்தாவது குடத்தோடு வாசலில் நின்று தெருவை எட்டிப் பார்த்தாள்.

"ஏடி, பள்ளிக்கூட பஸ்ஸு போயிருச்சா?"

"இன்னைக்கு லீவுக்கா" என்றேன்.

குடம் திரும்ப வீட்டுக்குள் போனது.