சந்தனம் பூசிய பொட்டலம்

1.
இது கேட்டு வாங்கப்பட்ட கதை. நாமக்கல் பக்கம் புகையிலைக்கு எதிராக வேலை செய்யும் ஓர் அறக்கட்டளையின் தலைவர் நிலவன், தங்கள் பிரசுரத்துக்காகக் கேட்டார். "முடிவு மட்டும் நம்பிக்கையா இருக்கணுங்க" என்றார். அப்போதே எனக்கு எரிச்சல் வந்தது. கதை கையில் இருந்தது, அவர்களுடைய களப்பணியாளர் சுகன்யா சொன்னது. நம்பிக்கைதான் இல்லை.

2.
கந்தப்பன் மிகவும் நல்ல மனிதர், ஊரில் யாருக்கும்

(அடித்துவிட்டேன். செத்தவர் நல்லவராக இருந்தால்தான் உங்களுக்கு வருத்தம் வருமா?)

நாமகிரிப்பேட்டையின் மஞ்சள் வயல்கள் பொன்னிறமாக

(மஞ்சள் வயல் பச்சையாகத்தான் இருக்கும். பிரசுரத்துக்கு எழுதினால் இப்படித்தான் புத்தி போகிறது.)

நேராகச் சொல்கிறேன். கந்தப்பன் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தார். தூக்கம் வராமலிருக்கப் புகையிலையை உதட்டுக்குள் அதக்கினார். வாயில் புற்று வந்தது. கடைசியில் வாயைத் திறக்கவே முடியாமல், மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கிச் செத்தார்.

தம்பி தமிழரசுக்கும் அதே வண்டி, அதே புகையிலை. அவர் கன்னத்தின் உட்புறம் புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு படர்ந்திருப்பதைச் சுகன்யா வாய்ப் பரிசோதனை முகாமில் பார்த்துவிட்டாள். உடனே சேலம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். "அண்ணன் காரியம் முடியட்டுங்க" என்றார்.

3.
காரியத்தன்று இலை போட்டு, கந்தப்பனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். வடை, முறுக்கு, நடுவில் புகையிலைப் பொட்டலம். அதன்மேல் அழுகிய வாயின் படம் அச்சாகியிருக்குமல்லவா? படையலில் அது ஆகாதாம். பங்காளி ஒருவர் சந்தனத்தைக் குழைத்து அந்த வாயின்மேல் அப்பி, குங்குமமும் வைத்தார்.

(அடிக்குறிப்பு: "இதை எடுத்துடலாமுங்க, மக்கள் மனசு நோகும்" என்று நிலவன் ஓரத்தில் குறித்திருக்கிறார். நோகட்டும்.)

படைத்ததை உடன்பிறந்தவர் எடுத்து வாயில் போடவேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தமிழரசு கையை நீட்டினார்.

"வேண்டாங்கண்ணா" என்றாள் சுகன்யா.

"அண்ணனுக்கு வெச்சது சாமி. தள்ளுனா அவரு மனசு ஆறாது."

கந்தப்பனின் மனைவி பாவாயி இலைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "கடசில அவரு சைகை காட்டிக் கேட்டது ஒரு வாய் எளநிங்க. அதக்கூட முழுங்க முடியல. அதைய ஒருத்தரும் எலைல வெக்கலீங்களே" என்றாள்.

4.
முடிவு ஒன்று: தமிழரசு பொட்டலத்தை வீசிவிட்டுச் சுகன்யாவோடு பஸ் ஏறுகிறார். நிலவனுக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: அதக்கிக்கொள்கிறார். அடுத்த இலை அவருக்கே

(முடிக்கமாட்டேன்.)

இரண்டையும் கிழித்தாயிற்று. இந்தப் பொட்டலத்தை விற்றுக் கோடி சேர்த்தவனிடம் யாரும் போய் நம்பிக்கையான முடிவு கேட்பதில்லை. என்னிடம் கேட்கிறார்கள்.

தமிழரசின் கை இன்னும் இலைமேல்தான் இருக்கிறது. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, எழுதியதைப் பாவாயியின் எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டவேண்டும். கெட்ட முடிவென்றால் பக்கத்தில் தமிழரசும் கேட்டுக்கொண்டிருப்பார். நல்ல முடிவென்றால் பாவாயி உங்களை ஒன்று கேட்பாள்:

"எங்க ஊட்டுக்காரருக்கு ஏனுங்க இப்படி எழுதல?"