பொதுவாகப் பேசினால் போதும்

அந்தப் பெண்கள் அமைப்பின் கிளையில் எல்லோரும் அவளை மைக்கு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக என்றால் மைக்கக்கா. எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. மருந்துக் கடையில் பில் போடும் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்தியே தொண்டை இப்படி ஆகிவிட்டது என்பாள். கிளைச் செயலாளர் பொறுப்பு அவளிடம் வந்து பல வருஷமாகியும் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

ஆண்டு மாநாடு நெருங்கியதும் தையல் கடை மாடியில் ஞாயிறு மத்தியானங்களில் பயிற்சி தொடங்கியது. முதல் தடவை போகும் பிரதிநிதிகளுக்கு எல்லாமே புதிது. தீர்மானத்தை எப்படிப் படிப்பது, திருத்தம் சொல்ல வேண்டுமென்றால் எப்போது கை தூக்குவது, மேடையில் யாராவது பேசும்போது பக்கத்தில் இருப்பவளிடம் ஊர்க்கதை பேசாமல் இருப்பது எப்படி. கடைசியில் சொன்னதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றிய தீர்மானத்தை ஆதரித்துப் பேசும் பொறுப்பு இந்த வருஷம் அவர்கள் கிளைக்கு வந்திருந்தது. ஒருவர் பேசலாம், மூன்று நிமிடம்.

"பெண்கள்னு ஆரம்பிக்காதீங்க," என்றாள் மைக்கு. "நான்னு ஆரம்பிங்க. பெண்கள் படற பாடு அங்க வர்ற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு நடந்தது தெரியாது."

முதலில் பள்ளி வேன் ஓட்டும் பெண்ணை எழுப்பினாள். வேன்காரி காலி நாற்காலிகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டி நிறைய பிள்ளைங்க கத்தினாலும் ஓட்டிடுவேன்க்கா. நாலு பேர் சத்தம் போடாம என்னையே பாத்தா கை காலெல்லாம் உதறுது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள், ஓரத்தில் இருந்த ஒருத்தி எழுந்து நின்றாள். மைக்கின் தம்பி மனைவி. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். மைக்குதான் அவளை அமைப்பில் சேர்த்திருந்தாள். இரண்டு வருஷமாக வந்தாலும் வாயைத் திறந்தது கிடையாது. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டுப் போவாள்.

"நான் பேசவா அண்ணி?"

மைக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பேசு, பேசு," என்று கடைசி வரிசைக்கு ஓடிப் போய் உட்கார்ந்தாள். "அங்கிருந்து எனக்குக் கேக்கணும்."

கேட்டது.

"எங்க வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லைங்க. குரலை உயர்த்தவே மாட்டார். சட்டையில மடிப்பு சரியா விழலன்னு ஒருநாள் மெதுவா என் கையைப் பிடிச்சார். இஸ்திரிப் பெட்டி சூடா இருந்துச்சு. அதுமேல என் கையை வச்சு அமுக்கினார். சலவை மெஷின்ல பட்டுடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். என் வேலை அதுங்கிறதால நம்பினாங்க. பக்கத்து ரூம்ல மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. எழுந்து வர முடியாது. ஆனா டிவி ரிமோட் கையிலயே இருக்கும். நான் கத்த ஆரம்பிச்சா சத்தத்தைக் கூட்டிடுவாங்க. இப்பல்லாம் டிவி சத்தம் கூடினாலே எனக்கு உடம்பு நடுங்குது, அடி விழுதோ இல்லையோ."

அவ்வளவுதான் பேசினாள். அழவில்லை. பேசி முடித்து, அடுத்து என்ன செய்வது என்பதுபோல் நின்றாள்.

அந்தக் கைக்கு மருந்து போட்டதே மைக்குதான். கடையிலிருந்து களிம்பு கொண்டு போய், கொப்புளத்தைச் சுற்றித் தடவிவிட்டு, "மெஷின்கிட்ட பாத்து வேலை செய்ய மாட்டியா?" என்று கடிந்தும் கொண்டாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"நேரம் சரியா இருக்கு," என்றாள். "ஆனா கடைசில கோரிக்கை வரணும். தீர்மானத்துல என்ன கேக்கறோமோ அதைச் சொல்லித்தான் முடிக்கணும்."

"அக்கா," என்றாள் வேன்காரி, "உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

பயிற்சி அத்தோடு முடிந்தது. படிக்கட்டில் தம்பி மனைவியைத் தனியாக நிறுத்தினாள் மைக்கு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன் அண்ணி."

மைக்கு, கடையில் ஆளைச் சமாளிக்கும் குரலில் பேசினாள். "மாநாட்டுக்குப் பத்திரிகைக்காரங்க வருவாங்க. நீ பேர் சொல்லலைன்னாலும் யாருன்னு தெரிஞ்சுடும். அவன் வேலைக்குப் போற இடத்துல, அம்மாவோட காதுல... எல்லாம் விழும். முதல்ல வீட்டுல நான் பேசிச் சரி பண்றேன். மாநாட்டுல நீ பொதுவாப் பேசினா போதும். நான் எழுதித் தரேன்."

தம்பி மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். "சரி அண்ணி," என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட மைக்குக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் போகும்போது, தம்பி வீட்டில் படுத்திருக்கும் அம்மாவின் நினைப்புதான் வந்தது. மைக்கு கணவனை இழந்தவள். ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். தம்பி மனைவி அவனை விட்டுப் போய்விட்டால் அம்மாவை யார் திருப்பிப் படுக்க வைப்பது, யார் துடைத்துவிடுவது? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் பேச்சை எழுதிவிட்டாள். "பெண்கள்" என்று ஆரம்பித்து எழுதினாள்.

அடுத்த ஞாயிறு தம்பி மனைவி அதை ஒரு பிசகும் இல்லாமல் ஒப்பித்தாள். கோரிக்கை சரியான இடத்தில் வந்தது.

"தீர்மானத்தையே இன்னொரு தடவை படிச்ச மாதிரி இருக்கு," என்றாள் வேன்காரி. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மைக்கு தம்பியைப் பார்க்கப் போனாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அக்காவின் குரல் கேட்டதும் மேலே ஏறி வந்தான். காவலாளியிடம், "எங்க அக்கா," என்று பெருமையாகச் சொன்னான். பழைய துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அவனை யாருக்குத்தான் பிடிக்காது.

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லடா. நீ கொஞ்சம் கையை அடக்கிக்கோ. அவ பாவம்."

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "என்ன சொன்னா?"

"அவ ஒண்ணும் சொல்லல."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்?"

ஊருக்கே கேட்கும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள் மைக்கு. "மாநாட்டுக்காகப் பேசிப் பழகும்போது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

தம்பி சிரித்தான். "சரிக்கா. நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தையை அவள் நம்பினாள். நம்பத்தான் வந்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் வேன்காரி மருந்துக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரனை விடாமல் அடித்தாள். தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடிபட்டு, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தானாக நடந்து வந்திருந்தாள். சலவைப் பிரிவுப் பெண்கள்தான் வேன்காரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது, உறிஞ்சுகுழாயில்தான் ஆகாரம் என்றாள் நர்ஸ்.

மைக்கு கட்டில் பக்கத்தில் நின்றாள். "நான்தான் அவன்கிட்ட போய்ப் பேசினேன்," என்றாள். வேன்காரி விருட்டென்று திரும்பினாள்.

தம்பி மனைவி தலையணைக்குப் பக்கத்திலிருந்த போனை எடுத்து மெதுவாக எதையோ அடித்துத் திருப்பிக் காட்டினாள்.

"தெரியும். அடிக்கும்போது சொன்னார்."

அன்றைக்கே போலீஸ் வந்தது. நடந்ததையெல்லாம் அவளே போனில் அடித்துக் கொடுத்தாள். நடுவில் கை வலிக்கும்போது நிறுத்திக்கொண்டாள், வேறு யாரையும் எழுதவிடவில்லை. மைக்கு ஸ்டேஷனுக்குப் போய்த் தன் வாக்குமூலத்தைக் கொடுத்தாள். தீக்காயத்தைப் பார்த்ததைச் சொன்னாள். லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் நடந்த பேச்சையும் சொன்னாள். தம்பியை அழைத்துப் போனார்கள். மைக்கு அம்மாவைத் தன் அறைக்குக் கொண்டுவந்தாள்.

"கூடப்பிறந்தவனைப் பிடிச்சுக் கொடுத்துட்டியே, பாவி," என்றாள் அம்மா. "புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

"உனக்கு எல்லாம் கேட்டுச்சாம்மா?"

அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாநாட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மைக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். "முதல்ல நீ பேசினியே, அதையே நான் பேசறேன். உன் சார்பா. ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்," என்றாள்.

தம்பி மனைவி தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. கையை நீட்டி வேன்காரியைக் காட்டினாள்.

"எனக்குப் பேச வராதேம்மா," என்றாள் வேன்காரி. நீட்டிய கை இறங்கவில்லை.

அதனால் கடைசிப் பயிற்சி வார்டில் நடந்தது. தம்பி மனைவி தன் பேச்சை முழுதாகப் போனில் அடித்து வைத்திருந்தாள். அதில் புதிதாக ஒரு பகுதியும் சேர்ந்திருந்தது. தீக்காயத்துக்கு நாத்தனார் மருந்து போட்டார், எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. தெரிய வந்தபிறகு பொதுவாகப் பேசச் சொன்னார். நாத்தனார் இந்த அமைப்பின் கிளைச் செயலாளர்.

வேன்காரி அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, வேகமாகப் படித்துத் தாண்டினாள். இரண்டாவது தடவையும் அப்படித்தான் செய்தாள். கட்டிலில் இருந்தவள் கண்ணை எடுக்காமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல அவசரப்படாதே," என்றாள் மைக்கு. "முதல்ல கொஞ்சம் நிறுத்து. அப்புறம் தலையை நிமிர்த்திச் சொல்லு. கடைசி வரிசைக்குக் கேக்கணும்."

வேன்காரி நிமிர்ந்து படித்தாள். பக்கத்துக் கட்டில்காரியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை," என்றாள் மைக்கு.

மாநாட்டுக்கு அவள் போகவில்லை. பிரதிநிதி இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள். பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் எழுதி வேன்காரியிடமே கொடுத்தனுப்பினாள். மாநாட்டன்று காலையில் அம்மாவைத் துடைத்து, உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது.

"அக்கா, நான்தான். ஜாமீன்ல விட்டுட்டாங்க. அம்மாவை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

குரலில் கோபமே இல்லை. எப்போதும்போல் இதமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் தன்னைக் குளிர்வித்த அந்த இதத்தைக் கேட்டு, அன்று முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது. போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"திறடி," என்றாள் அம்மா. "பெத்த பிள்ளை வாசல்ல நிக்கறான். திற."

"திறக்க மாட்டேன். போயிடுடா."

"அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. மன்னிப்புக் கேக்கணும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தம்பி மனைவியை வேன்காரி வீட்டில் தங்கவைத்திருந்தார்கள். மைக்கு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை, ஒரு அடையாளம், எதுவும் இந்தத் தடவை வாயிலிருந்து விழுந்துவிடக் கூடாது. அவன் கூப்பிட்டான். கதவில் உள்ளங்கையால் தட்டினான். அம்மா அழுதாள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வெகுநேரம் கழித்துப் படிக்கட்டில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வேன்காரி போன் செய்தாள். தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பகுதி வந்தபோது கூட்டத்தில் சலசலப்பு, தலைவர் மணியடித்து அடக்க வேண்டியிருந்தது. பேசிவிட்டு இறங்கியதும் வாந்தி எடுத்தாளாம்.

"ராஜினாமாவை ஏத்துக்கிட்டாங்கக்கா," என்றாள் தயங்கிக்கொண்டே.

"சரி," என்றாள் மைக்கு. "அவன் வெளிய வந்துட்டான். காலையில இங்க வந்தான். நேரா வீட்டுக்குப் போ, அவளைத் தனியா விடாதே. வண்டியைத் தெருவுல நிறுத்தாதே, உள்ள நிறுத்து."

போனை வைத்துவிட்டு அம்மாவுக்குப் பால் ஆற்றிக் கொண்டுபோனாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. இவள் டம்ளரைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பால் ஆடை கட்டும்வரை.