கால்களுக்குப் பெயர் வைத்தவள்

எரெந்திராவுக்குக் கோபம் வரப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. ஒரு சிப்பின் காலுக்கு யாராவது சின்ன எழுத்தில் பெயர் வைத்தால் போதும், அன்றைக்கு யாருக்கும் நிம்மதி கிடையாது.

குவாதலஹாரா நகரத்தில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் சர்க்யூட் போர்டு வரைகிற எல்லோருக்கும் பொதுவாக ஒரு லைப்ரரி உண்டு. எந்தச் சிப்புக்கு எத்தனை கால், எந்தக் காலுக்கு என்ன எண், என்ன பெயர் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்கு நாற்பது பக்கத்தில் சட்டம் எழுதி வைத்தவள் எரெந்திரா. மீறுகிறவர் மறுநாள் கோன்ச்சா என்கிற இனிப்பு ரொட்டி ஒரு டஜன் வாங்கி வரவேண்டும். மூன்று வருடமாக வாங்கி வந்தவன் பெரும்பாலும் நபோர்தான். எர்த் காலுக்கு ஒரு நாள் 'தரை' என்பான், மறுநாள் 'நிலம்' என்பான், வீட்டுக்குக் கிளம்பும் நேரமென்றால் வெறும் 'த'.

பழத்தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் கருவிக்காக அறுபது போர்டு வந்து இறங்கியது. ஒன்றுகூட வேலை செய்யவில்லை. டிரான்சிஸ்டரை அடியிலிருந்து பார்த்து வரைந்த படத்தை, மேலிருந்து பார்த்ததாக நினைத்து யாரோ லைப்ரரியில் ஏற்றியிருந்தார்கள். இடதுகால் இருக்கவேண்டிய இடத்தில் வலதுகால்.

முதலாளி பல்தசார் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நபோரு, திங்கக்கிழமையிலேர்ந்து நீ குடோனுக்குப் போயிடு. இனிமே லைப்ரரி பக்கம் தலை வச்சிப் படுக்காத."

ஒன்பது வருடம் போர்டு வரைந்தவன் நபோர். முகம் செத்துப்போயிற்று. "நானாத்தான் சார் இருக்கும்," என்றான்.

எரெந்திரா ஃபைலைத் திறந்தாள். ஏற்றியவர் பெயர்: எரெந்திரா. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்ததற்கே கூசிப்போனாள்.

"சார், இது என் தப்பு."

பல்தசார் சிரித்தார். "உனக்கு இளகின மனசும்மா. அவனக் காப்பாத்தப் பாக்குற."

"என் பேர் இருக்கு, பாருங்க."

"உன் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஏத்திருப்பான்."

நபோரும் தலையாட்டினான். "உக்காந்திருப்பேன்."

அந்த நேரம் பார்த்து, போர்டில் சிப்புகளைப் பற்றவைக்கிற அறையிலிருந்து, அங்கே வேலை செய்யும் எல்பீடியா ஒரு போர்டோடு வந்தாள். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "எதுக்கு எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? டிரான்சிஸ்டர மல்லாக்கப் போட்டேன். இடது வலதாயிடுச்சு. அறுபதையும் நாளைக்குள்ள போட்டுருவேன்."

"போர்டு பொழச்சிடுச்சு," என்றார் பல்தசார். "குடோன் குடோன்தான்."

எரெந்திராவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "நல்லாப் பாருங்க சார். மூணு காலுக்கும் முழுப் பேர். எல்லாம் பெரிய எழுத்து. நடுவுல கோடு, தேதி, எந்தப் படத்துலேர்ந்து எடுத்ததுங்கிற குறிப்பு. இத நபோரு செஞ்சிருப்பானா?"

பல்தசார் கண்ணாடியை மாட்டி வரிவரியாகப் படித்தார். எல்பீடியாவும் எட்டிப் பார்த்தாள்.

"செத்தாலும் செஞ்சிருக்க மாட்டான்," என்றார் அவர்.

"அதானே," என்றான் நபோர். உயிர் வந்துவிட்டது அவனுக்கு. "எனக்கு இவ்வளவு ஒழுங்கா வராதே."

எரெந்திரா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் தான் வாங்கி வரவேண்டிய டஜனில் யாருக்கு எந்த ரொட்டி என்று தாளில் குறிக்கத் தொடங்கினாள். நபோர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"எனக்குச் சாக்லேட்டு போட்டது ரெண்டு. பேர முழுசா எழுது. பெரிய எழுத்துல."