பதினான்கு இடங்களில் ‘வலை இல்லை’

1

ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையைக் குலசேகரம் பேருந்தில் திருடினேன். பக்கத்து இருக்கைக் கல்லூரி மாணவியின் நோட்டில் முப்பது வரிகள். பதினான்கில் ‘வலை இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவள் இறங்கிவிட்டாள். ஜாஸ்மி என்று பெயர் வைத்து மீதியை நான் எழுதுகிறேன்.

2

விடியலின் பொன்னொளியில் ரப்பர்த் தோட்டம்...

(வேண்டாம். அங்கே கொசு பிடுங்கும்.)

விலங்கியல் மூன்றாம் ஆண்டு ஜாஸ்மி, ரப்பர் மரங்களுக்கு நடுவே முப்பது சிலந்திகளைத்* தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் பொட்டு வைத்திருந்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு, வலை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளப்பாள். பதினோராம் நாள் பதினான்கு வலைகளைக் காணவில்லை. மழையும் பெய்யவில்லை. கல்லூரிக் கருத்தரங்குக்கு இரண்டே வாரம்.

* கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறிபோல வலை நடுவே உட்காரும் இனம்.

3

“ஆவரேஜ் போட்டு நிரப்பு ஏட்டி. சிலந்தி வந்து சாட்சி சொல்லுமா?” என்றாள் வகுப்புத் தோழி பெர்லின்.

ஜாஸ்மி பென்சிலால் முதல் கட்டத்தில் 142 செ.மீ. என்று எழுதினாள்.

(முதல் வரைவில் பதினான்கையும் நிரப்பவைத்து அவளுக்குப் பரிசும் வாங்கிக்கொடுத்தேன். இல்லாததை எழுதிப் பிழைக்கும் எனக்கு அவளைக் கண்டிக்க வாய் இல்லை. அந்த 142-ஐ அழித்தது அவள்தான்.)

“அளக்காதத எப்பிடி எழுத?” என்றாள்.

4

மறுநாள் ஆறு மணிக்கே போனாள். ரப்பர் வெட்டும் ராஜமணி, கம்பால் வலைகளைத் தட்டியபடி வந்துகொண்டிருந்தாள். மரங்கள் இலையுதிர்த்த நாட்களில் நிறுத்தியிருந்த பால்வெட்டும் வேலையை அந்த வாரம்தான் தொடங்கியிருந்தார்கள்.

“அக்கா, அது எனக்க ஆராய்ச்சியாக்கும்!”

“எனக்க மூஞ்சில ஒட்டுதே மக்கா. கண்ணு தெரியாம மரத்த எப்பிடி வெட்ட?”

(இந்த இடத்தில் ராஜமணி மனமிரங்குவதாக ஒரு பத்தி எழுதி, நீக்கிவிட்டேன். அவளுக்கு இன்னும் முந்நூறு மரம் பாக்கி.)

ஜாஸ்மிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பின்னாலேயே ஓடிக் கேட்டாள்: “எல்லாத்தையுமா தட்டுவிய?”

“மூஞ்சிக்கு நேரா உள்ளத மட்டும்.”

ஜாஸ்மி நோட்டைப் புரட்டினாள். போன பதினான்கும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அப்படியானால், தட்டப்பட்ட சிலந்தி அடுத்த வலையை எங்கே கட்டும்?

ஒரு வாரம் பொட்டுகளைத் தேடினாள். ஐந்து சிலந்திகள் கண்ணில் படவேயில்லை. மூன்று, பழைய இடத்திலேயே பிடிவாதமாகக் கட்டின. ஆறு, ராஜமணியின் தலைக்கு மேலே கட்டியிருந்தன. ஜாஸ்மி தனியாக நின்று கைதட்டினாள்.

5

முடிவு (அ): கருத்தரங்கில் கரவொலி...

முடிவு (ஆ): அவளுடைய ஆசிரியர் ஜேசுதாஸ் நோட்டைப் பார்த்துவிட்டு, “ஆறு சிலந்திய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கருத்தரங்க விடு. அறுபது பாரு” என்றார்.

(ஆ)தான் சரியாக வருகிறது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ராஜமணியிடம் போனாள்.

“எப்பவும்போல தட்டுங்க அக்கா. தோட்டத்துக்கு நடுவுல உள்ள பாறைக்கு அந்தப் பக்கம் உள்ளத மட்டும் விட்டுட்டு, அங்க குனிஞ்சு போவியளா? தட்டாததும் மேல போவுதான்னு பாக்கணும்.”

“குனிவேன். முதுகு வலிச்சா தட்டுவேன்.”

ஜாஸ்மி சிரித்துவிட்டாள். அதையும் குறித்துக்கொண்டாள். அறுபதாவது சிலந்திக்குப் பொட்டு வைக்கும்போது, பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த பெர்லின் கேட்டாள்: “தட்டினதுக மேல வலை கெட்டல்லேன்னா என்ன செய்வ?”

“கெட்டல்லேன்னு எழுதுவேன்.”

எனக்கும் விடை தெரியாது, ஊகித்து எழுதப்போவதுமில்லை. நாளை ஏழு மணிக்கு பெர்லின் எழுந்திருக்க மாட்டாள். டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். வருகிறீர்களா?