மிஞ்சிய அறை

பெருமாள் ஏரிக்கரையில் உள்ள துரை பங்களாவில் 2004 டிசம்பர் 25 காலை நான்கு அறைகள் இருந்தன. மாலையில் இருபத்தேழு இருந்தன. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்த வாட்ச்மேன் லூர்துசாமி ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார். யாரோ மந்திரி பட்டாளத்தோடு வருகிறார் போலிருக்கிறது, இத்தனை பெட்ஷீட்டுக்கு எங்கே போவது என்று புலம்பினார். ஸ்காட்லாந்தில் தன் ஊர் ஏரிக்கரை விடுதியை நினைத்து ஏங்கிய ஒரு என்ஜினீயர் துரை, குளிர்காயும் அடுப்பைக்கூட விடாமல் அதே சாயலில் கட்டிய வீடு அது. நம் வெயிலுக்கு அந்த அடுப்பில் பூனைதான் குட்டி போட்டது. துரை கப்பலேறிய பிறகு வீடு தானாக ஒரு பழக்கம் கற்றுக்கொண்டது. யாராவது தங்க வருவதாக இருந்தால் முதல் நாளே ஓர் அறை போட்டுவிடும், அதுவும் ஆளுக்கேற்ற அளவில். நெட்டைத் தாசில்தாருக்கு நீளக் கட்டில், முழங்கால் வலிக்காரருக்குப் படியில்லாத கக்கூஸ். ஆள் கிளம்பினால் அறையும் போய்விடும். அளக்க வந்த அதிகாரிகள் ஒவ்வோர் ஆண்டும் போன ஆண்டு அளந்தவரைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மந்திரி வரவில்லை. கடல் புகுந்த தேவனாம்பட்டினத்திலிருந்து இரண்டு லாரி ஜனங்கள் வந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை என்று எல்லாரும் ஒண்டிக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சியது. மாரியம்மாள் மட்டும் எந்த அறைக்கும் போகாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் கடலுக்குப் போன அவள் கணவன் கதிர்வேல் திரும்பவில்லை. வீட்டின் பழக்கத்தை லூர்துசாமி சொல்லக் கேட்டதும் அழுகையை நிறுத்தினாள். அறை இருக்கிறது என்றால் அவன் வந்துகொண்டிருக்கிறான்.

மற்றவர்கள் புது வீடுகளுக்குப் போகப் போக அறைகள் குறைந்தன. மாரியம்மாள் பங்களாவுக்குச் சமையற்காரியாகத் தங்கிவிட்டாள். மிஞ்சிய அறையைத் தினமும் பெருக்கினாள், விரிப்பு மாற்றினாள், கண்ணாடியைக்கூட அதில் முகம் பார்க்காமலே துடைத்தாள், படுக்கை மட்டும் வராந்தாவில். கதிர்வேல் வாசல் இடிக்காமல் குனிந்து நுழைகிற உயரம். அந்த அறையின் கட்டிலோ குட்டை, கண்ணாடியில் அவனுக்கு நெஞ்சுதான் தெரியும். லூர்துசாமிக்கு இது முதல் வாரமே புரிந்துவிட்டது. பாவம், சொல்ல மனசு வரவில்லை.

குடிகாடு கம்பெனியில் வேலை பார்த்த மாரியம்மாளின் தம்பி ராஜவேல் பொங்கலுக்குப் பொங்கல் வந்து கெஞ்சினான்.

“அவுரு வரமாட்டாருக்கா. போட்டோவுக்கு மால போட்டுட்டு எங்கூட வா.”

“ரூமு நிக்குதுல்ல? ஆளில்லாம இந்த வூடு ரூமு போடாதுடா.”

வருஷங்கள் போயின. அந்த அறை தமக்குத்தான் என்று பந்தயம் கட்டி மூட்டை முடிச்சோடு வந்து தங்கிப் பார்த்தவர்களுக்கும் வீடு வேறு அறைதான் போட்டது.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்து வராந்தாக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. காற்று அடங்கிய மதியம் மாரியம்மாள் நனைந்த பாயோடு நின்றாள்.

“உள்ள போய்ப் படும்மா. அவுரு வந்தா நான் எழுப்பி வுடுறேன்” என்றார் லூர்துசாமி.

படுத்தாள். தலையும் காலும் கட்டிலுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தின. அசையாமல் கிடந்தவள், எழுந்து ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவள் முகம் சரியாக நடுவில் இருந்தது. அப்போது அவள் அழுத அழுகை ஏரியின் மறுகரை வரை கேட்டது.

வெளியே வந்து, “ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?” என்று கேட்டாள்.

“தெரியும்மா. அதுக்குண்டான ஆளு உள்ள வராம ரூமு போவாதுன்னு இருந்துட்டேன்.”

பொங்கலுக்கு ராஜவேல் அத்தானின் போட்டோவைக் கொண்டுவந்தான், ஆணியும் சுத்தியலும் சேர்த்து. அவை தேவைப்படவில்லை. முந்தின நாள் வரை வெறும் சுவராக இருந்த இடத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், கதிர்வேலின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் ஓர் ஆணி இருந்தது. மாரியம்மாளுக்குக் கை எட்டவில்லை. லூர்துசாமி ஸ்டூல் எடுத்துவந்தார்.